‘ங்க’ நிற்கும் இடம்

கொங்கு நாட்டுப் பேச்சுக்குத் தனி மணம் உண்டு என்பார்கள். உண்மை, மறுப்பார் இல்லை. ‘வாங்க’, ‘இருங்க’, ‘ஏனுங்க’, ‘இல்லீங்க’ என்று சொல்லின் வாலில் ஒரு ‘ங்க’ ஒட்டாமல் இந்த மண்ணில் சொல் வாயைவிட்டு வெளியே வருவதில்லை. முழ உயரப் பிள்ளையைக்கூட ‘வாங்க கண்ணு, சாப்பிடுங்க’ என்று அழைக்கும் நாடு. வெளி மாவட்டத்தார் கோவையில் வந்து இறங்கியதும் முதலில் வியப்பது சிறுவாணித் தண்ணீரின் சுவையை. அடுத்து வியப்பது இந்த ‘ங்க’வின் இனிமையை. திரைப்படக்காரர்கள் அதைச் சிரிப்பாக்கிக் காசாக்கினார்கள். அதனால் அதன் பெருமை குறைந்துவிடவில்லை. மனிதன் மனிதனுக்குத் தரும் மதிப்பைப் பேச்சின் இலக்கணத்திலேயே ஏற்றி வைத்திருக்கும் மக்கள் நாம் என்று பூரித்துக்கொள்கிறோம்.

பூரிப்பு இருக்கட்டும். இந்த ‘ங்க’ ஊர் முழுவதும் நடமாடுகிறதா? எல்லாத் தெருவுக்கும் போகிறதா? அல்லது ஊர்க்கோடியில் ஓரிடம் வந்ததும் கால் கூசி நின்றுவிடுகிறதா?

சிற்றூரில் பிறந்தவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும். பண்ணையத்தில் ஆடு மேய்த்து, ஏர் ஓட்டி, கிணற்றுக் கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்து, ஊரார் வீட்டு இழவுக்கெல்லாம் பறையடித்து, அறுபது ஆண்டு அந்த மண்ணுக்கு உழைத்து முதுகு வளைந்த அருந்ததியர் கிழவரை, பண்ணை வீட்டுப் பத்து வயதுப் பையன் எப்படி அழைத்தான்? ‘டேய்’ என்றான். பெயரைச் சொல்லி, ‘இங்க வாடா’ என்றான். கிழவர் என்ன சொன்னார்? துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ‘சரிங்க சாமி’ என்றார். ‘சின்னப் பண்ணாடி’ என்றார். பத்து வயது சாமி ஆனது! அறுபது வயது ‘டேய்’ ஆனது! ‘ங்க’ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போயிற்று; மறுபக்கத்திலிருந்து திரும்பி வரவில்லை. பண்ணையத்துக்கு விடப்பட்ட மாதாரிச் சிறுவர்களின் வாழ்வை, பெருமாள்முருகன் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கூளமாதாரி’ புதினத்தில் எழுதிக் காட்டியிருக்கிறார். படித்தவர்களுக்குத் தெரியும், ஆட்டுப் பட்டியில் வளரும் குழந்தைப் பருவம் எத்தகையது என்று.

நகரத்தில் இது தேய்ந்துவிட்டது. சிற்றூரிலும் முன்போல் இல்லை. ஏன் என்று கேட்கும் இளைஞர்கள் வந்துவிட்டார்கள். 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆயினும் என் கேள்வி வேறு. அந்தப் பத்து வயதுப் பையனுக்கு, யாருக்கு ‘ங்க’ போட வேண்டும், யாருக்குப் போடக் கூடாது என்று கற்றுக்கொடுத்தவர் யார்? எந்தப் பாடநூலில் அது அச்சாகியிருந்தது? எந்த ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டார்? தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, பிரம்படியும் இல்லை. இருந்தும் ஒரு பிள்ளைகூடத் தவறாமல் தேறிவிடும் பாடம் இது ஒன்றுதான்!

கற்றுக்கொடுத்தது வீடு. வீட்டைச் சுற்றியிருந்த ஊர்.

குழந்தை சொல்வதைக் கேட்டு வளர்வதில்லை, செய்வதைப் பார்த்து வளர்கிறது என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். ஆய்வாளர்கள் அதைச் சோதனை செய்தே காட்டினார்கள். 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்து மழலைப் பள்ளியில், ஆல்பர்ட் பந்தூரா என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும், மூன்று முதல் ஆறு வயதுக்குட்பட்ட 72 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பெரியவர் ஒருவர் பொம்மை ஒன்றை அடித்து உதைத்துத் தூக்கி எறிவதைச் சில குழந்தைகள் பார்த்தன. வேறு சில, பெரியவர் அமைதியாக விளையாடுவதைப் பார்த்தன. பிறகு தனியே விட்டபோது, அடியைப் பார்த்த குழந்தைகள் அடித்தன. அதே அடி, அதே சொல். ‘அடி’ என்று எவரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை.

அதற்கும் முன்பே, 1940களில், கென்னத் கிளார்க், மாமி கிளார்க் என்னும் கறுப்பின அறிஞர் இணையர், மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகளின் முன்னே இரண்டு பொம்மைகளை வைத்தார்கள். ஒன்று வெள்ளை, மற்றொன்று பழுப்பு. எது நல்ல பொம்மை, எது கெட்ட பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகளின் விரல் வெள்ளையை நல்லது என்றும், தன் நிறத்துப் பொம்மையைக் கெட்டது என்றும் சுட்டிற்று! கறுப்பரையும் வெள்ளையரையும் தனித்தனிப் பள்ளியில் படிக்க வைப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புக் கூறியபோது, இந்த ஆய்வையும் நினைவில் கொண்டது. ஏழு வயதுக்குள் ஒரு பிள்ளை தன்னைத்தானே இழிவாக எண்ணக் கற்றுவிடுகிறது என்றால், தோழர்களே, நாம் இருபது வயது இளைஞனுக்குத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருப்பது எவ்வளவு காலம் கடந்த மருத்துவம் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊரில் பொம்மை தேவைப்பட்டதில்லை. தேநீர்க் கடையில் இரண்டு வகைக் குவளைகள் இருந்தன. அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு போன குழந்தை இரண்டையும் பார்த்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த ஒருவருக்குத் திண்ணை, மற்றவருக்குக் கூடம், இன்னொருவருக்கு வாசலுக்கு வெளியே வேப்ப மரத்தடி. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதே அக்குழந்தைக்கு அரிச்சுவடி.

இங்கே ஓர் உண்மையைப் பார்க்கத் தவறிவிடுகிறோம். மேடையில் நாம், சாதி வெறுப்பால் வளர்கிறது என்று பேசுகிறோம். வீட்டுக்குள் அது வெறுப்பாக நுழைவதில்லை, அன்பாக நுழைகிறது. ‘அங்கெல்லாம் போகாதீங்க கண்ணு’ என்று மடியில் வைத்துக்கொண்டு சொல்கிற தாய், பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவள். ‘அவங்க கையில வாங்கித் தின்னாதே சாமி, வயித்துக்கு ஆகாது’ என்கிற ஆத்தா, பேரனுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருப்பவர். தாய்ப்பாலோடும் தாலாட்டோடும் சேர்ந்து இறங்கும் நஞ்சுக்கு நஞ்சின் சுவை இருப்பதில்லை. அதனால்தான் வளர்ந்த பின் அதைத் துப்பச் சொன்னால், தாயையே துப்பச் சொல்வதுபோல் அவன் துடிக்கிறான்.

ஆகவே ஒரு கேள்வி எழுகிறது. பெற்றோர்க்குத் தம் நம்பிக்கையைப் பிள்ளைக்குள் ஊட்டும் உரிமை உண்டா?

‘சோறு ஊட்டுகிறோம், பிள்ளையைக் கேட்டா ஊட்டுகிறோம்? தமிழ் கற்றுத் தருகிறோம். ஒப்புதல் வாங்கியா கற்றுத் தருகிறோம்? அப்படியே எங்கள் வழக்கத்தையும் தருகிறோம். பிள்ளை எங்களுடையது’ என்பார்கள். வாதம் வலுவானது, எள்ளி நகையாடித் தள்ளிவிடக் கூடாது. மொழியைக் கேட்டுக் கொடுக்க முடியாதுதான். ஆனால் தமிழைக் கற்ற பிள்ளை, நாளை அந்தத் தமிழைக் கொண்டே தமிழனைத் திட்டலாம், பெற்றவரோடு வாதாடலாம், திருக்குறளைக்கூட மறுத்து எழுதலாம். கொடுத்ததை எடைபோட்டுப் பார்க்கும் தராசையும் மொழி கூடவே கொடுத்துவிடுகிறது. சாதி அப்படிச் செய்வதில்லை. அது வாதமாக வந்து மூளையில் உட்கார்ந்தால் மற்றொரு வாதத்தால் கிளப்பிவிடலாம். அது போய் உட்காருவது வேறிடத்தில். நாவில் உட்காருகிறது, மூக்கில் உட்காருகிறது, வயிற்றில் உட்காருகிறது. அருவருப்பாக உட்காருகிறது. பட்டம் பெற்றவன், பஞ்சாலை முதலாளி, அயல்நாட்டில் கணினித் துறையில் பணிபுரிபவன், எல்லாரும் நம் வாதத்தை ஒப்புக்கொள்வார்கள், ‘நியாயந்தானுங்க’ என்பார்கள். தண்ணீர்ச் செம்பை நீட்டினால்தான் கை நடுங்கும். தலை ஒப்பிய பின்னும் வயிறு ஒப்பவில்லை! மறுக்கும் ஆற்றல் முளைக்கும் முன்பே, மறுக்க முடியாத இடத்தில் ஒன்றைப் புதைத்து வைக்க எந்தப் பெற்றோர்க்கும் உரிமை இல்லை. அன்பு அதற்குச் சலுகை ஆகாது.

தண்ணீர் என்றேன். இரண்டு சிறுவர்களின் தாகம் நினைவுக்கு வருகிறது.

1879இல் ஈரோட்டில், வளமான வணிகர் குடும்பத்தில் பிறந்தான் ஒரு சிறுவன். வைணவப் பற்று மிகுந்த வீடு. திண்ணைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளியைச் சுற்றி இருந்தவர்கள், இவன் வீட்டார் கைநனைக்கக் கூடாது என்று கருதிய சாதியினர். கூடை முறம் கட்டுவோரும் முசுலிம்களும்கூட அங்கே இருந்தார்கள். ‘அவர்கள் வீட்டில் தண்ணீர் குடித்துவிடாதே, வேண்டுமானால் வாத்தியார் வீட்டில் வாங்கிக் குடி’ என்பது வீட்டின் கட்டளை. வாத்தியார் ஓதுவார், மரக்கறி உண்பவர். அவர் வீட்டுச் சிறுபெண் குவளையைக் கீழே வைத்து, உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, உதடு படாமல் குடிக்கச் சொல்லி, குடித்த பின் குவளையின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவி எடுத்துச் சென்றாள். சிறுவன் பார்த்தான். இந்தத் தண்ணீரைவிட அந்தத் தண்ணீரே மேல் என்று, தடுக்கப்பட்ட வீடுகளுக்குப் போய்க் குடித்தான். பின்னர் தின்னவும் தொடங்கினான். செய்தி வீட்டுக்கு எட்டிற்று. தாய் கலங்கினார். பள்ளி நிறுத்தப்பட்டது, ஒரு கட்டத்தில் காலில் விலங்கும் பூட்டப்பட்டது. சிறுவன் என்ன செய்தான்? விலங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே பிள்ளைகளோடு விளையாடப் போனான்! பெரியாரே தம் இளமையைப் பற்றிச் சொன்ன செய்தி இது.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1891இல் பிறந்தான் மற்றொரு சிறுவன். மராட்டிய நாட்டுச் சாதாராவில் பள்ளிக்குப் போனான். உட்காரச் சாக்குத் துணியை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டும். தாகம் எடுத்தால் குழாயைத் தொடக் கூடாது. பள்ளியின் ஏவலாள் வந்து திறந்துவிட வேண்டும். ஏவலாள் வராத நாளில் தண்ணீர் இல்லை. அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு சிறுவனுக்குத் தண்ணீர் கிடைத்தது, குடிக்கக் கூடாது என்றார்கள். மற்றவனுக்குத் தண்ணீரே கிடைக்கவில்லை. இருவர் துன்பமும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை, சொன்னால் பொய். ஈரோட்டுச் சிறுவன் தாகத்தோடு வீடு திரும்பினால் பால் கிடைத்திருக்கும். ஆனால் அந்த இருவர் தொண்டையின் மேலும் கை வைத்தது ஒரே ஏற்பாடுதான். ஊரும் வீடும் சேர்ந்து ஒரு பிள்ளையை இப்படித்தான் வார்க்கும் என்று அடித்துச் சொல்வோர்க்கு, அந்தத் தோளில் ஏறிய விலங்கு ஒரு மறுப்பு. எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் துணிவு வாய்க்கும் என்று நம்பி நாம் சும்மா இருந்துவிட முடியாது என்பது வேறு செய்தி.

அந்தச் சிறுவன் வளர்ந்து காங்கிரசில் தலைமைப் பொறுப்பு வகித்தபோதும், மீண்டும் அவர் எதிரே வந்து நின்றது பிள்ளைகளின் சாப்பாட்டுப் பந்திதான். 1920களின் நடுவில், சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலம். நாட்டுப்பற்றுள்ள புதிய தலைமுறையை உருவாக்குவதாகச் சொல்லிப் பொதுமக்கள் பணமும் காங்கிரசுப் பணமும் பெற்ற இடம். அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி! ஏன் என்று கேட்டதற்கு வந்த விடை என்ன தெரியுமா? பிள்ளைகள் இருவரின் பெற்றோர்க்கு அப்படி உறுதி கூறியாயிற்று என்பது. பெற்றோர் விருப்பமாம்! வரதராசலு நாயுடுவும் பெரியாரும் மற்றவர்களும் கிளப்பிய அந்தப் புயல் பின்னாளில் எந்தெந்தக் கரையை உடைத்தது என்பதை இந்த ஏட்டைப் படிப்போர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பெரியவர்கள் தனித்தனியே உண்பதைப் பார்த்துப் பழகிப்போன நாடு அது. பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தபோதுதான் பொறுக்க முடியாமல் போயிற்று. அந்தச் சினம் சரியான இடத்தில் பிறந்த சினம்.

‘அது அந்தக் காலம்’ என்பீர்கள். நெடுந்தொலைவு போக வேண்டாம். அவிநாசி வட்டத்துக்கு வாருங்கள்.

2018 சூலைத் திங்கள். திருப்பூர் மாவட்டம், அவிநாசி வட்டம், திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளி. சத்துணவு சமைக்க அருந்ததியர் சமூகத்து அம்மையார் ஒருவர் மாறுதலாகி வருகிறார். ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியை முற்றுகையிடுகிறார்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் உண்ணமாட்டார்கள் என்கிறார்கள். அதிகாரிகள் செய்தது என்ன? சட்டத்தை எடுத்துக் காட்டவில்லை. அம்மையாரை இடமாற்றம் செய்தார்கள்! எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவாயிற்று. ஐந்து ஆண்டு சென்றது. 2023 செப்டம்பரில், கொங்கின் கிழக்கு விளிம்பாகிய கரூர் மாவட்டத்தின் வேலஞ்செட்டியூரில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளை உண்ண விடாமல் தடுத்தார்கள் சில பெற்றோர். மாவட்ட ஆட்சியரே நேரில் போக வேண்டியதாயிற்று.

எண்ணிப் பாருங்கள், அந்தப் பிள்ளையின் நிலையை. பசி இருக்கிறது. எதிரே சோறு இருக்கிறது. சோற்றின் மணம் மூக்கில் ஏறுகிறது. பக்கத்தில் இருக்கும் தோழன் உண்கிறான். வீட்டில் அப்பா கண்டித்து அனுப்பியிருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளை, தன் பசியோடு போராடி, தன் சாதியைக் காப்பாற்ற வேண்டும்! இதற்குப் பெயர் வளர்ப்பா? அடுத்த தட்டில் உண்ணும் குழந்தையின் நெஞ்சையும் நினையுங்கள். சமைத்தவர் அதன் அத்தையாக இருக்கலாம், சிற்றன்னையாக இருக்கலாம். அத்தை கையால் ஆக்கிய சோறு தீண்டத்தகாதது என்பதை அது எந்த நூலில் படித்தறிய வேண்டும்? எதிரே கவிழ்த்து வைத்த தட்டில் படித்துக்கொண்டது.

அந்தப் பெற்றோர்மேல் எனக்குக் கடுஞ்சினம் உண்டு. அதோடு ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்: அவர்கள் அறிவிலிகள் அல்லர். நம்மைவிட நன்றாக அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. பாடநூலின் முதற் பக்கத்தில் ‘தீண்டாமை ஒரு பாவச்செயல்’ என்று அச்சிட்டபோது, எந்தப் பெற்றோராவது பள்ளியை முற்றுகையிட்டதுண்டா? இல்லை. அச்சிட்டதைப் பிள்ளை ஒப்புவித்தால் அவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மையாரின் கையால் ஐந்து ஆண்டு சாப்பிட்டு வளர்ந்த வயிற்றுக்குள் பிறகு சாதியை இறக்குவது கடினம். அதைத்தான் அஞ்சினார்கள். 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவிய போதும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தபோதும், 2022இல் காலை உணவு தொடங்கியபோதும், எத்தனை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள், எவ்வளவு எடை ஏறினார்கள் என்று நாம் கணக்குப் பார்த்தோம். பார்க்க வேண்டிய கணக்குத்தான். கூடவே நடந்த மற்றொன்றை எதிர்ப்பக்கம் கவனித்துக்கொண்டிருந்தது: வீடு போட்ட பந்திக்கு எதிராக அரசு ஒரு பந்தியைப் போட்டுவிட்டது.

வீடும் ஊரும் ஊட்டியது இளமையில் எப்படி வெடிக்கிறது என்பதற்கும் கொங்கு மண்ணிலேயே சான்று உண்டு. 2015 சூன் திங்களில் கோகுல்ராஜ் என்னும் பொறியியல் பட்டதாரி, உடன் படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டு மலைக்கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கொண்டு செல்லப்பட்டார். இருப்புப்பாதையில் பிணமாகக் கிடந்தார். அவர் பட்டியல் சாதி, பெண் வேறு சாதி, அது போதுமாயிற்று. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. எந்தக் கோயில் அது? ஆணும் பெண்ணும் ஓருடலில் பாதி பாதி என்று சிலை செய்து வைத்துக் கும்பிடும் அர்த்தநாரீசுவரர் கோயில்! கல்லில் சேர்ந்தால் கும்பிடு. உயிரோடு இருவர் ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தால் கொலை! தண்டனை பெற்றவர்களும் ஒரு நாள் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டிலில் கிடந்தவர்கள்தாம். ‘வாங்க கண்ணு’ என்று அழைக்கப்பட்டவர்கள்தாம்.

பெண் குழந்தைக்கு அதே வீடு தரும் பாடம் இன்னொன்று. அதை விரித்தால் தனிக் கட்டுரையாகும். ஒன்று மட்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. பருவப் பெண்களை மூன்றாண்டு விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் திருமணத்துக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். ஆலைக்காரர்களின் பேராசையை எல்லாரும் கண்டித்தோம். ஆனால் ‘நீ உன் கழுத்துத் தாலிக்கு நீயே விலை சம்பாதித்துக்கொள்ள வேண்டிய சுமை’ என்னும் எண்ணத்தை, அந்தப் பெண்ணின் நெஞ்சில் அதற்குப் பத்தாண்டு முன்பே விதைத்து வைத்தது ஆலை அன்று. மகளுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழ்நாட்டில் சட்டமானது 1989இல். சட்டம் வர அறுபது ஆண்டு. அது வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே வர இன்னும் எத்தனை ஆண்டோ?

படிப்பு பெருகினால் இவை தானே கரையும் என்று நம்பினோம். கல்லூரி இல்லாத சாலை கொங்கு நாட்டில் இன்று உண்டா? நாமக்கல், இராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் புகழ் மாநிலமெங்கும் பரவிற்று. இருந்தும் என்ன? நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவரை உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டியதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 சூனில் அளித்த அறிக்கையில், மாணவர் மணிக்கட்டில் கட்டும் சாதி நிறக் கயிற்றைத் தடுக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ‘அது தென் மாவட்டத்துச் செய்தி’ என்று கொங்கு நாட்டார் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே கயிறு வேண்டியதில்லை. ‘ஏனுங்க, நீங்க என்ன கூட்டமுங்க?’ என்று, தேன் தடவிய ‘ங்க’ போட்டே கேட்டுவிடுவோம்!

இனி நம் வீட்டுக்கு வருவோம். வராமல் தப்பிக்க முடியாது.

தோழர் மேடையில் முழங்குகிறார். கறுப்புச் சட்டை, கணீரென்ற குரல். ஊரெல்லாம் கைதட்டுகிறது. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறார்; பிள்ளை தூங்கிவிட்டது. காலையில் அவர் எழுமுன் பிள்ளை பள்ளிக்குப் போய்விடுகிறது. பிள்ளையை வளர்ப்பவர்கள் யார்? துணைவியாரும் தாயாரும். அவர்களோடு அவர் எப்போதாவது உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசியதுண்டா? ‘பெண்களுக்குச் சொன்னால் புரியாது’ என்று விட்டுவிட்டார். ஊரைத் திருத்தப் போய்விட்டார். விளைவு, அவர் பிள்ளைக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும் நடக்கின்றன. அவர் ஏதோ ஒரு மாநாட்டில் இருக்கிறார். பழியைப் பெண்கள்மேல் போடுகிறார். சமையற்கட்டில் ஒரு நாள்கூட நுழையாத பகுத்தறிவு, பிள்ளையின் வயிற்றுக்குள் எப்படி நுழையும்?

வேறொரு வகைத் தோழரும் உண்டு. அவர் வீட்டில் இருக்கிறார். அளவுக்கு மேலேயே இருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளையை நாற்காலிமேல் ஏற்றி, ‘கடவுள் இல்லை’ என்று சொல்ல வைத்து, வந்தவர்களிடமெல்லாம் காட்டி மகிழ்கிறார். சென்ற தலைமுறை அதே பிள்ளையைத் திருப்பாவை ஒப்புவிக்க வைத்து மகிழ்ந்தது. சொல் மாறிற்று, நாற்காலி மாறவில்லை! ‘அப்பா, இதை எப்படி நீங்கள் கண்டுகொண்டீர்கள்?’ என்று பிள்ளை கேட்டால் முகம் சிவக்கும் வீட்டில், பகுத்தறிவும் ஒரு குலதெய்வமாகிவிடும். பெரியாரின் படத்தை மாட்டிய சுவருக்குக் கீழே, அப்பாவை எதிர்த்து வாய் திறக்கப் பிள்ளைக்கு அச்சம் என்றால், அந்தப் படத்தைக் கழற்றி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

அப்படியானால் என்ன செய்யலாம் என்று கேட்கும் இளைஞர்களுக்கு என்னிடம் பெருந்திட்டம் எதுவும் இல்லை. சில சிறிய செய்திகள் உண்டு. உன் வீட்டுக்கு இந்தத் திங்களில் வந்து உன் பிள்ளையோடு உட்கார்ந்து உண்டவர்கள் யார் யார்? வேறு வளவிலிருந்து ஒருவராவது வந்தாரா? உன் பிள்ளை அந்த வளவில் ஒரு வீட்டிலாவது கைநனைத்ததா? தெருக் கூட்ட வரும் தூய்மைப் பணியாளரை உன் மகள் என்ன சொல்லி அழைக்கிறாள்? ‘அத்தை’ என்கிறாளா, ‘குப்பைக்காரி’ என்கிறாளா? உன் மகன் தான் உண்ட தட்டைத் தானே கழுவுகிறானா? மேடைக்கு வேண்டுமானால் இவை சின்னஞ்சிறியவை. குழந்தைக்கு உலகமே இவைதாம். சமத்துவபுரங்களைக் கலைஞர் ஆட்சி 1997 முதல் கட்டியபோது, வீடுகளை அடுத்தடுத்து வைத்தால் போதும் என்றா எண்ணினார்கள்? ஒரே தெருவில் பிள்ளைகள் உருண்டு புரள வேண்டும் என்றுதானே எண்ணினார்கள்!

எஞ்சி நிற்பவர் பாட்டி. இதுதான் இளைஞர்கள் என்னிடம் தனியே வந்து கேட்கும் கேள்வி, மேடையில் கேட்கமாட்டார்கள். ‘ஆத்தா பாசமாக வளர்க்கிறார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். அவரைவிட்டால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. அவர் சொல்வதையெல்லாம் பிள்ளை முன்னால் மறுத்தால் அவர் மனம் உடையும். மறுக்காவிட்டால் பிள்ளை கெடும். என்ன செய்வது?’ போலிக் கேள்வி அன்று இது. ‘வெளியேற்று’ என்று வீரம் பேசுவது எளிது. அந்தக் கிழவியை யார் பார்த்துக்கொள்வார்கள்? ‘வயதானவர், விட்டுவிடு’ என்பது அதைவிட எளிது. அப்படி விட்டுவிட்டதால்தான் இத்தனை தலைமுறை ஆயிற்று.

பிள்ளை முன்னாலேயே மறுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கதவை மூடிக்கொண்டு பேசினால் பிள்ளைக்குப் பாட்டி சொன்னது மட்டுமே காதில் நிற்கும். ஆனால் ‘ங்க’ போட்டு மறுக்க வேண்டும். ‘ஆத்தா, அப்படிச் சொல்லாதீங்க, அவங்களும் நம்மளாட்டந்தானுங்க’ என்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை பார்க்கச் சொல்ல வேண்டும். அன்பு உள்ள இடத்திலும் மறுப்பு இருக்கலாம், மறுப்பு உள்ள இடத்திலும் அன்பு இருக்கலாம் என்பதைப் பிள்ளை ஒருசேரப் பார்க்கும். ஆத்தா முனகுவார். ஒரு வேளை சாப்பிடாமலும் படுப்பார். மறு வாரம் ஆடு மேய்க்கும் மாதாரிக் கிழவர் வாசலுக்கு வரும்போது, பேரன் ஓடிப்போய் ‘வாங்க தாத்தா, உள்ள வந்து உட்காருங்க’ என்பான். ஆத்தாவுக்கு அந்த ‘ங்க’ காதில் விழும். எழுபது ஆண்டுப் பழக்கம் சட்டென்று மாறிவிடாது. ‘உள்ளே எதுக்கு’ என்று வாய்வரை வரும். செல்லப் பேரன் சொன்ன சொல்லை வாசலில் வைத்து வெட்டவும் மனம் வராது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாருக்கும் கேட்காத குரலில், மோர் இருக்கிறதா என்று மருமகளைக் கேட்பார்.